பம்ப்பா, கேஸா, இனெர்ஷியாவா: எது எங்கே மக்கர் செய்யும்?

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குச் சதுப்பு நிலத்தில் இறங்குகிறவர்கள் அதிகம் கொண்டுபோவது மூன்று வகை ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி). 1950இல் வந்த ரெமிங்டன் 870 போன்ற, கைப்பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாற்றும் பம்ப்; 1963இல் வந்த ரெமிங்டன் 1100 போன்ற, வெடிப்பின் வாயுவால் தானாகத் தோட்டா மாற்றும் கேஸ் ஆட்டோ; இத்தாலிய நிறுவனமான பெனெல்லி பெயர் வாங்கித் தந்த, துப்பாக்கியின் உதைப்பால் தோட்டா மாற்றும் இனெர்ஷியா ஆட்டோ. மூன்றும் மக்கர் செய்யும், ஆனால் செய்யும் இடம் வேறு.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? எந்தத் துப்பாக்கியானாலும் குழலை ஆபத்தில்லாத பக்கம் திருப்பியபடி ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அப்புறம் தோட்டாவை எடுத்து, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைப் பாருங்கள். குழி ஆழமாக விழுந்திருந்தால் பழுது அநேகமாகத் தோட்டாவில்தான். லேசான தடம் என்றால், தோட்டாவுக்குப் பின்னால் மூடும் போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பிசினாக இறுகி, பிரைமரைக் குத்தும் ஊசியின் வேகத்தைத் தின்றிருக்கலாம். குளிரில் இது சகஜம்.

தடமே இல்லையென்றால் ஊசி உடைந்திருக்கலாம். இனெர்ஷியா வகையில் இன்னொரு காரணமும் உண்டு. பறவை கலைந்துவிடக் கூடாதென்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல விடுவார்கள். அதன் சுழலும் தலை முழுதாகப் பூட்டாமல் ஒரு மயிரிழை நின்றுவிடும். பார்த்தால் மூடியதுபோலவே இருக்கும், விசையை இழுத்தால் 'கிளிக்' மட்டும்தான். போல்ட்டைத் தடுக்காமல் தானாக அறைந்து மூட விடுவதே வழி.

காலித் தோட்டா வெளிவராத சிக்கலில் பம்ப்புக்கு ஒரு பலம்: இழுப்பது உங்கள் கை. ஆனால் மலிவுத் தோட்டாக்களின் அடிப்பகுதி எஃகு. பித்தளைபோல் அது வெடித்தபின் நன்றாகச் சுருங்காது, தோட்டா அமரும் குழல் பகுதியான சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் அதைக் கவ்விக்கொள்ளும். 870இன் மலிவு வகையான எக்ஸ்பிரஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இதுதான். சிக்கிய தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். காலித் தோட்டாவை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கடித்துப் பிய்ந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, குற்றம் சேம்பரில். விளிம்பு முழுசாக இருந்தால் கொக்கி நழுவியிருக்கிறது: அழுக்கு, தேய்மானம், அல்லது தளர்ந்த ஸ்பிரிங். சேம்பர்தான் என்றால், துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து குழலைக் கழற்றி, தூரிகையில் மிக நைசான எஃகுக் கம்பளியைச் சுற்றி, எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். உலோகத்தை அரிப்பதல்ல, பளபளப்பாக்குவதே வேலை.

கேஸ் ஆட்டோவில் முதலில் பார்க்க வேண்டியது 1100இன் குழலடியில் உள்ள ரப்பர் வளையம். அது கிழிந்தாலோ, வாயுத் துளையில் கரி அடைத்தாலோ போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். இனெர்ஷியாவில் கரித் தொல்லை குறைவு. ஆனால் லேசான தோட்டா போட்டாலோ, துப்பாக்கியை மரத்தில் அணைத்துச் சுட்டாலோ உதைப்பு போதாமல் திணறும்.

ஒரே துப்பாக்கிதான் என்றால் நான் சேம்பர் தேய்த்த பம்ப்பை எடுப்பேன். கேஸ் ஆட்டோக்காரர் சட்டைப்பையில் ஒரு ரப்பர் வளையத்தைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளட்டும்.