மாதம் 99 ரூபாய் கேம் சந்தா: யாருக்குக் கட்டுப்படியாகும்?

போனில் நீங்கள் ஆடுவது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸ் இவற்றில் ஒன்று மட்டும்தானா? அப்படியானால் எந்தச் சந்தாவும் உங்களுக்கு வேண்டாம். யூசி, டைமண்ட் என்று கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் நாணயங்களுக்கு ஆகிற செலவைக் கூகுள் பிளே பாஸ், ஆப்பிள் ஆர்கேட் மாதிரியான சந்தாச் சேவைகள் ஏற்பதில்லை. அவற்றின் வேலை வேறு. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம்களைத் திறந்துவிடுவது, இலவச கேம்களில் விளம்பரத்தையும் உள்ளே இருக்கும் கடையையும் எடுத்துவிடுவது, அவ்வளவுதான். அது தேவைப்படுகிறவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் பிளே பாஸ். அமெரிக்காவில் 2019 செப்டம்பரில் தொடங்கியது, இந்தியாவுக்கு 2022இல் வந்தது. வந்தபோது வைத்த விலை மாதம் 99, வருடம் 889 ரூபாய். மாதாமாதம் தானாகக் காசு எடுக்கும் ஆட்டோபே பிடிக்காதவர்களுக்கு ஒரே ஒரு மாதத்துக்கு 109 ரூபாய் ப்ரீபெய்ட். கட்டும் முன் திரையில் வரும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 1,188 ரூபாய். வருடச் சந்தாவில் 299 ரூபாய் மிச்சம், அதாவது மூன்று மாதக் காசு. ஆனால் முதல் தடவையே வருடத்துக்குக் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. ஆயிரத்துக்கு மேல் ஆப்கள் என்பார்கள். அதில் அலகு மாற்றி, போட்டோ எடிட்டர் எல்லாம் சேர்த்தி. தேடி எடுத்தால் ஒருவருக்குப் பிடித்தது பத்துப் பதினைந்து தேறும். ஸ்டார்டியூ வேலி, டெராரியா, மான்யுமென்ட் வேலி மாதிரியான கேம்கள்தான் இதற்கு மதிப்பு. பட்டியல் அடிக்கடி மாறும். எனவே பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே டிக்கெட் சின்னம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கட்டுங்கள்.

பிளே பாஸில் அதிகம் வரும் புகார், காசு கட்டியும் விளம்பரம் வருகிறது என்பது. பெரும்பாலும் காரணம், போனில் இரண்டு கூகுள் கணக்கு இருப்பது. சந்தா ஒரு கணக்கில் இருக்கும், கேமை வேறு கணக்கிலிருந்து எப்போதோ இறக்கியிருப்பீர்கள். கேம் உரிமையைச் சரிபார்ப்பது இறக்கிய கணக்கை வைத்துத்தான். முதலில் கேமை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் பிளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு, சந்தா உள்ள கணக்குக்கு மாறி, கேமை நீக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். நீக்கும் முன் ஒரு எச்சரிக்கை: கேமின் செட்டிங்ஸில் கிளவுட் சேவ், அதாவது ஆடியதை இணையத்தில் சேமிக்கும் வசதி, இருக்கிறதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். சேவ் போனுக்குள் மட்டும் இருந்தால், இருநூறு லெவல் ஒரே நொடியில் போய்விடும்.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் ஆர்கேட். இந்தியாவில் இதுவும் மாதம் 99 ரூபாய்க்குத்தான் வந்தது. அமெரிக்காவில் 4.99 டாலரில் தொடங்கி 2023 அக்டோபரில் 6.99 ஆக்கினார்கள். அதை வைத்துப் பார்த்தால் நம் ஊர் விலை மலிவு. இருநூற்றுக்கு மேல் கேம்கள், எதிலும் விளம்பரம் கிடையாது, உள்ளே வாங்க எதுவும் கிடையாது. இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஆடலாம். மினி மோட்டர்வேஸ், ஸ்னீக்கி சாஸ்க்வாட்ச், கிரைண்ட்ஸ்டோன், சயோனரா வைல்ட் ஹார்ட்ஸ்: இந்த நான்குக்காகவே ஒரு மாதம் கட்டலாம். தரத்தில் பிளே பாஸ் இதன் பக்கத்தில் வராது.

பிரச்சினை பிளஸ் குறியில் இருக்கிறது. ஸ்டார்டியூ வேலி+, பலாட்ரோ+ என்று பெயருக்குப் பின்னால் பிளஸ் போட்டு வருபவை, கடையில் விற்கும் அதே கேம்தான். ஆனால் ஆப் வேறு. சந்தாவை நிறுத்திவிட்டுச் சாதாரணப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்கினாலும், ஆர்கேடின் ஸ்டார்டியூ வேலியில் வளர்த்த பண்ணை அதற்குள் தானாக வந்துவிடாது. பிளே பாஸில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே கடையில் இருக்கும் அதே ஆப்தான் திறக்கிறது. போனிலிருந்து அழிக்காமல் வைத்திருந்து பிறகு விலைக்கு வாங்கினால் விட்ட இடத்திலிருந்தே ஆடலாம்.

ஆகவே நீண்டு போகும் கேம் ஒன்றுக்காக மட்டும் சந்தா கட்டுவது நஷ்டம். ஸ்டார்டியூ வேலியின் அமெரிக்க விலை 4.99 டாலர், நம் காசில் நானூற்றுச் சொச்சம். ஐந்து மாதச் சந்தா அதைத் தாண்டிவிடும். அந்த கேமை அதற்குள் முடித்தவர்கள் குறைவு. நேரே வாங்கிவிடுங்கள். மாறாக, மான்யுமென்ட் வேலி போல இரண்டு மூன்று மாலைகளில் முடிகிற கேம்களை வரிசையாக ஆடுகிறவருக்கு 99 ரூபாய் மிக மலிவு. ஒரு மாதம் கட்டுங்கள், நான்கு கேம் முடியுங்கள், நிறுத்துங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள். ஆர்கேடில் சேவ் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருப்பதால் திரும்பி வந்தால் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் ரொம்ப நாள் விட்டால் கிடைக்கும் என்று ஆப்பிள் உறுதி தருவதில்லை. இலவச 5 ஜிபி நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். இடம் இல்லையென்றால் ஐபோனில் ஆடியது ஐபேடுக்குப் போகாது.

உண்மையில் இந்தச் சேவைகள் கொடுத்த காசுக்கு மேல் தருவது சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில்தான். இரண்டு லெவலுக்கு ஒரு முறை சூதாட்ட விளம்பரம் பாய்ந்து வரும் இலவச கேமைப் பிள்ளையின் கையில் கொடுப்பதைவிட, 99 ரூபாயை ஆறு பேருக்குப் பங்கு போடலாம். தலைக்குப் பதினேழு ரூபாய்கூட ஆகாது. ஆர்கேடும் சரி, பிளே பாஸும் சரி, உங்களோடு இன்னும் ஐந்து பேரைச் சேர்க்க விடுகின்றன. பிளே பாஸில் ஒவ்வொருவரும் தத்தம் போனில் அதைத் திறந்து தொடங்கிவைக்க வேண்டும், இல்லையென்றால் வேலை செய்யாது. இன்னொன்று, சந்தா இருப்பதால் பிள்ளை வெளியே உள்ள கேம்களில் காசு செலவழிப்பது நின்றுவிடாது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் போய் ஆப்களுக்குள் வாங்குவதை அனுமதிக்காதபடி மாற்றுங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் கேம்களுக்கென்று யாரும் சந்தா கட்ட வேண்டாம். 149 ரூபாய் மொபைல் திட்டம் ஏற்கெனவே இருந்தால் கேம்கள் அதற்குள் அடக்கம், ஆடிப் பாருங்கள். பிள்ளைகளின் ப்ரொஃபைலில் அவை வராது. நெட்ஃபிளிக்ஸில் பெரிய கேமை நிதானமாக ஆடலாம் என்றும் இருக்காதீர்கள். 2024இல் ஐபோனுக்கு மட்டும் வந்த ஹேடீஸ், 2025 ஜூலையில் மான்யுமென்ட் வேலி உட்படப் பலவற்றோடு கிளம்பிவிட்டது. ஆர்கேடிலும் கேம்கள் போகும்தான். ஆனால் போகப்போகிறவற்றை முன்கூட்டியே தனிப் பகுதியில் காட்டுவார்கள், ஏற்கெனவே இறக்கியவர்களுக்குக் குறைந்தது இரண்டு வாரம் அவகாசமும் உண்டு.

பணம் கட்டும் வழி: ஆப்பிளில் இந்திய கார்டு எடுபடாது. யுபிஐ, நெட் பேங்கிங் அல்லது ஆப்பிள் கணக்கில் முன்பே போட்ட இருப்பு. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. நிறுத்த வேண்டிய இடம் ஐபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், உங்கள் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காசு எடுக்க 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வரும், அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆர்கேடின் இலவச மாதத்தில் மட்டும் ஒரு வித்தியாசம்: ரத்து செய்த நிமிடமே கேம்கள் பூட்டிக்கொள்ளும். மறந்துவிடுவோமே என்று முதல் நாளே ரத்து செய்கிற பழக்கம் அங்கே உதவாது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அலாரம் வைத்து ரத்து செய்யுங்கள், கடைசி 24 மணி நேரத்துக்குள் போனால் அடுத்த மாதக் காசு போய்விடும்.