மூன்று வருட ரெசின் அனுபவம்: ராத்திரி ஊற்றிய படம் காலையில் இருப்பதில்லை

நிறம் கலந்து பலகையில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிப் படமாகிவிடும் திரவம்தான் ரெசின். அந்த ரெசின் செட் வாங்கலாமா என்று தோழி கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடமாக ஒரே எப்பாக்சி ரெசின்தான், அதை இறுக வைக்கும் ஹார்டனர் திரவத்தோடு சரிபாதி கலக்கும் வகை. பளபளப்பு, நிறத்தின் ஆழம் பற்றி எல்லோரும் புகழ்வது உண்மை. ஓரளவு நிழலில் மாட்டிய பலகைகள் இன்றுவரை மஞ்சளாகவில்லை.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில். ஊற்றி முடித்த பிறகும் படம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

போன மாதம் 30×40 செ.மீ. பலகையில் ஆழ்நீலமும் பச்சையும் ஊற்றினேன். 3 மி.மீ. கனத்துக்கு 360 மில்லி பிடித்தது. நடுவில் வெள்ளை நிறமி பேஸ்டை ஒரு கோடாக விட்டு, ஹீட் கன்னின் சூடான காற்றால் மெல்லத் தள்ளினேன். வெள்ளை விரிந்து, அதில் பொடிப்பொடியாக ஓட்டைகள் திறந்து, உள்ளே நீலம் எட்டிப் பார்த்தது. அலை நுரையேதான். தூசி விழாமல் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திறந்தால் ஓட்டைகளெல்லாம் நீள நீளமாக இழுபட்டு இடது மூலைக்குப் போயிருந்தன. பாதி வெள்ளை அந்த ஓரத்தில் வழிந்து, பலகைக்கு அடியில் சொட்டுச் சொட்டாக இறுகிக் கிடந்தது.

மேஜை சாய்வு என் தப்புதான், ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ரெசின் செட்டோடு வந்த தாளில் ‘40 நிமிடம்’ என்று மட்டும் போட்டிருக்கிறான். அது நாம் வேலை செய்யக் கிடைக்கும் நேரம். படம் அசையாமல் நிற்க அதற்கு மேலும் பல மணி நேரம் ஆகும் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கெட்டியானதும் ஊற்றலாம் என்று கப்பிலேயே வைத்திருந்தால் வேறு வம்பு. ரெசின் இறுகும்போது வெப்பம் வரும். கப்பில் குவிந்து கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், சூடு ஏறி ஏறிச் சட்டென்று கல்லாகிவிடும். ஒருமுறை கப்பைக் கையில் பிடிக்க முடியவில்லை. பலகையில் மெல்லிசாகப் பரவியதோ ஆறி ஆறி நிதானமாக இறுகும். இரண்டுக்கும் நடுவில், பாகுப் பதம் வரும் சில நிமிடங்களைப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

இறுகிய பிறகும் சில இடங்கள் கையில் ஒட்டுகிற பிசுபிசுப்புப் பிரச்சினை சின்னது. கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்காததால் வருவது. தேய்த்துவிட்டு மேலே இன்னொரு பூச்சு ஊற்றினால் சரி.

கையுறை, காற்றோட்டம் இரண்டிலும் மட்டும் நான் கறார். பல மாதம் ஒன்றும் செய்யாத ரெசின் ஒருநாள் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். வந்தால் அப்புறம் போவது கடினம்.

அந்த மூலைக்குப் போன படத்தைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பியபோது இழுபட்ட வெள்ளைக்கு அடியில் நீலம் இரண்டு அடுக்காகத் தெரிந்தது. கனமான வெள்ளை நிறமி மூழ்கும்போது நீலத்தையும் கூடவே இழுத்துப் போயிருக்கிறது. என் கையால் அப்படி ஒன்றை வரைய முடியாது. இப்போது அது என் மேஜைக்கு எதிரே தொங்குகிறது.

தோழிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு கோட்டைப் பத்து முறை அழித்து வரைகிறவள் அவள், இதில் அழிக்க வழியே இல்லை. என் பாட்டிலில் கால் பங்கு மிச்சம் இருக்கிறது. அது தீர்வதற்குள் அடுத்ததை வாங்கி வைத்துவிடுவேன்.