குடும்பத்தோடு ஊர் மாறுவோருக்குக் கூகுள் மேப்ஸ் எவ்வளவு உதவும்?

புதிய நகரத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயரும்போது, வீட்டைத் தேர்ந்தெடுப்பதைவிட அந்த வீடு அமைந்திருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமான வேலை. வீட்டுக்குள் பிடிக்காதவற்றை ஓரளவு மாற்றிக்கொள்ளலாம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆகும் பயண நேரத்தையோ, ஜன்னலுக்கு வெளியே ஓடும் சாலையையோ, மழைநீர் எந்தப் பக்கம் வடிந்து வந்து தேங்கும் என்பதையோ குடியேறிய பிறகு நம்மால் மாற்ற முடியாது. அந்த நகரத்தில் உறவினரோ நண்பரோ இல்லாதவர்கள் முதலில் நாடுவது பெரும்பாலும் கூகுள் மேப்ஸைத்தான். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தச் சேவை வழி காட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. குடியிருக்க இடம் தேடுவதற்கு இதைப் பயன்படுத்தும்போது எந்தக் கேள்விக்கு நல்ல விடை தருகிறது, எந்தக் கேள்விக்குத் தருவதில்லை என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். நேரத்தைப் பற்றிக் கேட்டால் இது மிகவும் பயனுள்ள கருவி. ஒரு பகுதி நல்ல பகுதியா என்று கேட்டால் இது காட்டும் எதையும் அப்படியே ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

வீட்டு விளம்பரங்கள் தொலைவைக் கிலோமீட்டரில் சொல்கின்றன. குடும்பம் வாழ்வது நிமிடங்களில். அலுவலகத்திலிருந்து 8 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு பகுதிக்கு ஒரு மணி நேரமும், 15 கிலோமீட்டரில் இருக்கும் இன்னொரு பகுதிக்கு அரை மணி நேரமும் ஆவது பெரிய நகரங்களில் சாதாரணம். பலர் மேப்ஸைத் திறந்து, இரவு உணவுக்குப் பின் சாவகாசமாக உட்கார்ந்து, அந்த நேரத்துக்குரிய பயண நேரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்போது கிடைக்கும் விடை, அந்தச் சாலையில் அவர்கள் ஒருபோதும் போகப்போகாத நேரத்துக்கான விடை. வழி கேட்கும் பக்கத்திலேயே எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச்சேர வேண்டும் என்று குறிப்பிடும் வசதி இருக்கிறது. பள்ளி மணி அடிக்கும் நேரத்தையும் அலுவலகம் தொடங்கும் நேரத்தையும் அங்கே ஒரு வார நாளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். காரில் செல்வதற்கான விடை அப்போது ஒற்றை எண்ணாக வராமல், வழக்கமாக 35 முதல் 70 நிமிடம் என்பதுபோல ஒரு வரம்பாக வரும். இந்த வரம்புதான் இச்சேவையில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றும் பகுதி. வேலைக்குப் போகிறவர் கீழ் எல்லையைப் பார்த்து மகிழலாம். குழந்தையை மாலையில் குறித்த நேரத்துக்குள் அழைத்துவர வேண்டிய பெற்றோர் மேல் எல்லையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். வரம்பு அகலமாக இருக்கும் வழியைவிட, சற்றுக் கூடுதல் நேரம் ஆனாலும் நாளுக்கு நாள் அதிகம் மாறாத வழி குடும்பத்துக்கு நிம்மதி தரும். மாலையில் திரும்பும் வழியைத் தனியாகக் கேட்டுப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் காலை நெரிசலும் மாலை நெரிசலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கணினியில் திறந்தால், வழக்கமான போக்குவரத்து நெரிசலைக் கிழமைவாரியாகவும் மணிவாரியாகவும் வண்ணங்களில் காட்டும் வசதியும் கிடைக்கும்.

இதற்கு இவ்வளவு அக்கறை தேவையா என்று கேட்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வழிக்கு 25 நிமிடம் கூடினால் ஒரு நாளைக்கு 50 நிமிடம். வாரத்தில் ஐந்து நாட்களுக்கு 4 மணி 10 நிமிடம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது 8 மணி 20 நிமிடமாகிறது. ஒரு முழு வேலைநாளுக்கு நிகரான நேரத்தை ஒவ்வொரு வாரமும் அந்தக் குடும்பம் இழக்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்கெட்டி, மனிதர்கள் எந்த வாகனம் கைக்கு வந்தாலும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று 1994இல் எழுதினார். பொருளியலாளர்களான அலோயிஸ் ஸ்டட்சரும் புரூனோ பிரையும் ஜெர்மனியின் தரவுகளை ஆராய்ந்தபோது, நீண்ட பயணம் செய்பவர்கள் தங்கள் வாழ்க்கை குறித்துக் குறைந்த நிறைவையே வெளிப்படுத்துவதைக் கண்டனர்; பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அந்த இழப்பை முழுமையாக ஈடுகட்டவில்லை. வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் கூடுதல் அறை கண்ணில் படுகிறது, பயண நேரம் படுவதில்லை. ஆகவே பயண நேரத்தை எழுதி வைத்துக்கொண்டுதான் வீட்டைப் பார்க்கப் போக வேண்டும்.

குழந்தை பள்ளிக்கு நடந்து போகும் வழியைப் பொறுத்தவரை, மேப்ஸ் காட்டும் நடை நேரம் வயதுவந்தவர்களுக்கானது. ஆறு வயதுக் குழந்தைக்கு அது கூடுதலாக ஆகும். அதைவிட முக்கியமாக, வழியில் ஆறு வரிசை வாகனங்கள் ஓடும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டுமா, நடைபாதை பாதியில் முடிந்துவிடுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இங்கேதான் தெருக்களை நேரில் பார்ப்பதுபோல் புகைப்படங்களில் காட்டும், 2007இல் தொடங்கிய ஸ்ட்ரீட் வியூ கைகொடுக்கிறது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை ஒவ்வொரு திருப்பத்தையும் அதில் நிதானமாகப் பார்த்துவரலாம். ஆனால் படம் எடுக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் கட்டாயம் கவனிக்க வேண்டும். சில தெருக்களில் அது பல ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கும். பல இடங்களில் பழைய ஆண்டுகளின் படங்களையும் வரிசையாகப் பார்க்க முடியும். கடைகள் திறந்து மூடப்பட்டிருப்பது, மரங்கள் வெட்டப்பட்டிருப்பது, காலி மனைகள் கட்டடங்களாவது ஆகியவற்றை ஒப்பிட்டால், அந்தத் தெரு எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது ஓரளவு புலப்படும். விளம்பரத்தில் இருக்கும் எந்தப் புகைப்படமும் இதைக் காட்டாது. ஸ்ட்ரீட் வியூவின் குறை, அது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது என்பதுதான். தெருவிளக்குகளைப் பற்றி அதனிடம் விடை இல்லை.

மேப்ஸில் நான் பெரிய குறையாகக் கருதுவது வேறொன்று. இரண்டு வெவ்வேறு புள்ளிகளுக்கு இடையிலான நேரத்தை அது சொல்லும். ஓர் இடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் போய்ச்சேரக்கூடிய பரப்பு முழுவதையும் வரைந்து காட்டாது. குடும்பத்துக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது படம்தான். கணவரின் அலுவலகம், மனைவியின் அலுவலகம், பள்ளி ஆகிய மூன்றைச் சுற்றியும் இப்படிப்பட்ட பரப்புகளை வரைந்து, அவை ஒன்றோடொன்று மேற்படியும் இடத்தில் வீடு தேடுவதே முறையான வழி. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தின் தரவுகளை வைத்து இயங்கும் ஓப்பன்ரூட்சர்வீஸ் என்னும் இலவசச் சேவை இதைச் செய்கிறது. அதில் கிடைக்கும் எல்லைகளைக் கூகுளின் மை மேப்ஸ் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு வரைபடத்தில் 10 அடுக்குகள் வரை அமைக்கலாம் என்பதால், பார்க்க வேண்டிய வீடுகளை ஓர் அடுக்கிலும், மருத்துவமனைகளை ஓர் அடுக்கிலும், வேண்டாம் என்று முடிவுசெய்தவற்றை இன்னோர் அடுக்கிலும் வைத்து, வீட்டில் உள்ள அனைவரோடும் பகிரலாம். இடங்களைக் குறிக்கும்போது வாரத்துக்கு எத்தனை முறை போவோம் என்பதையும் அருகில் எழுதிவைப்பது நல்லது. வாரத்துக்குப் பத்து முறை போகும் பள்ளிக்கும் மாதத்துக்கு ஒருமுறை போகும் வணிக வளாகத்துக்கும் மனம் ஒரே எடையைக் கொடுத்துவிடுகிறது. எழுதி வைத்த எண்ணிக்கை அதைத் திருத்தும்.

பேருந்தையும் ரயிலையும் நம்பி வாழப்போகிறவர்களுக்கு இச்சேவை காட்டுவது பெரும்பாலும் போக்குவரத்து நிறுவனங்கள் தரும் கால அட்டவணையை ஒட்டிய தகவல். வண்டி வருமா என்பதை அது சொல்லும். அதில் ஏற இடம் இருக்குமா என்பதை எல்லா இடங்களிலும் சொல்லாது. பொதுப் போக்குவரத்து வழிகளுக்குக் கடைசி வண்டி எப்போது என்று கேட்கும் வசதி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இரவுப் பணிக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் இந்த ஒரு கேள்வியே பல பகுதிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

வெள்ளத்தைப் பற்றி மேப்ஸ் நேரடியாக எதுவும் சொல்லாவிட்டாலும், சொல்லவைக்க வழி உண்டு. நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் அடுக்கைத் திறந்தால், அந்தப் பகுதி சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பது ஓரளவு தெரியும். அதன் துணைச் சேவையான கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்கள் உள்ளன. அதன் டைம்லாப்ஸ் பகுதியில் 1984 முதல் ஆண்டுவாரியாக நிலம் மாறிவந்த விதத்தைக் காணலாம். இன்று அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்று நீர்ப்பரப்போ சதுப்போ இருந்திருந்தால், தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும் வாய்ப்பு அதிகம். அதில் உள்ள தொடக்க கால லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள்) படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறிப்பதால் சிறிய குட்டைகளும் வாய்க்கால்களும் அவற்றில் தென்படாது. எனவே அங்கே ஒன்றும் தெரியவில்லை என்பதைப் பாதுகாப்புக்கான சான்றாகக் கொள்ளாமல், உள்ளாட்சி அமைப்பு வெளியிட்டிருக்கும் வெள்ள அபாய வரைபடத்தையும் பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஒருவரிடம் கேட்கவும் வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம் இந்தச் சோதனையை எக்காரணத்துக்காகவும் தவிர்க்கக் கூடாது.

இரைச்சலும் அப்படியே. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சல் நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழும், இரவில் 45 டெசிபலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதால், எண்ணில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு தூக்கத்தில் பெரிதாகத் தெரியும். இரைச்சலை மேப்ஸ் காட்டாது. நெரிசல் அடுக்கில் சிவப்பாகும் சாலைகளையும், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தண்டவாளத்தையும், விமான ஓடுதளம் நீளும் திசையையும் வைத்து நாமேதான் ஊகிக்க வேண்டும். சாலையின் பாதிப்பு காதோடு நிற்பதுமில்லை. நகர வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் போகும் தெருவில் வசித்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தனர். 16,000 வாகனங்கள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றைக்கூட எட்டவில்லை. புதிய நகரத்தில் யாரையும் அறியாமல் வந்து சேரும் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை. வாடகை சமமாக இருக்கும் இரண்டு வீடுகளில், உள்ளே தள்ளி இருக்கும் தெருவில் உள்ளதையே எடுக்குமாறு பரிந்துரைப்பேன்.

நட்சத்திர மதிப்பீடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை தனித்தனி இடங்களுக்குத் தரப்படுபவை. ஒரு பகுதியில் வாழ்வது எப்படி என்று அவற்றைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. பள்ளிகளுக்கான மதிப்பீடுகளை எழுதுபவர்கள் மிகவும் மகிழ்ந்தவர்களாகவோ மிகவும் கோபமுற்றவர்களாகவோ இருப்பதே அதிகம்.

பள்ளி என்றதும் சேர்க்கை எல்லையைக் குறிப்பிட வேண்டும். வசிக்கும் முகவரியை வைத்துச் சேர்க்கை நடக்கும் நகரங்களில், பள்ளிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் வீடுகூட வேறு எல்லைக்குள் வரலாம். மேப்ஸில் இந்தக் கோடு இருக்காது. கல்வித் துறையிடமோ பள்ளியிடமோ முகவரியைச் சொல்லி உறுதிசெய்துகொண்ட பின்னரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். குழந்தையின் வயதும் இங்கே கணக்கில் வருகிறது. 1990களில் அமெரிக்காவின் 5 நகரங்களில் வறுமை மிகுந்த பகுதிகளிலிருந்து வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடும்பங்கள் இடம்பெயர உதவிய திட்டமொன்றைப் பொருளியலாளர்களான ராஜ் செட்டி, நாதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். 13 வயதுக்கு முன் இடம்பெயர்ந்த குழந்தைகள் தங்கள் இருபதுகளின் நடுவில் 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தனர். அதற்குப் பின் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. வேறு சூழலில் உள்ள குடும்பங்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் முதலிடம் கொடுப்பதும், பதின்வயதுப் பிள்ளை இருந்தால் அவரையும் மேப்ஸின் முன் உட்காரவைத்து, அவர் தனியாகப் போய்வரக்கூடிய இடங்கள் எவை என்று அவரையே பார்த்துச் சொல்லவைப்பதும் நியாயம் என்று கருதுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு பட்டியலில் இரண்டு அல்லது மூன்று பகுதிகள் எஞ்சும். அவற்றை நேரில் சென்று, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். முடிந்தவர்கள் நீண்ட கால ஒப்பந்தத்துக்கு முன் சில மாதங்கள் குறுகிய கால வாடகையில் இருந்து பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் உண்மையில் ஆன பயண நேரத்தை, மேப்ஸ் முன்பு காட்டிய வரம்புக்கு அருகில் குறித்துவந்தால், அடுத்து பார்க்கும் வீட்டுக்கு அது காட்டும் நேரத்தில் எந்த எல்லையை நம்புவது என்பது தெரிந்துவிடும்.