காரைக்குடி மணல்கோல ஸ்பீக்கர் செட்: பெட்டி நன்று, தகடு கனம்

செக்காலை ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில், ஸ்பீக்கர் மேல் போல்ட்டில் நிற்கும் தகட்டில் தூவிய மணலை ஒலி அதிர்வால் கோலமாக விழச் செய்யும் செட்டைக் கூட்டித் தருகிறார்கள். ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), மரப்பெட்டி, சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு, 1 மி.மீ. கனத்தில் 20 செ.மீ. சதுர அலுமினியத் தகடு, ஒரு பொட்டலம் மாவு. விலை 1,800 ரூபாய். பள்ளிக் கண்காட்சிக்கு வாங்கலாம். ஆனால் வாங்கியபடியே ஓட்டாதீர்கள்.

தகடு மட்டும் 108 கிராம். அது கோனை (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை) அழுத்தி, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைக் காந்த இடுக்கில் உரச விடுகிறது. கரகரப்பு கேட்டால் காரணம் அதுதான். அதே கனத்தில் 15 செ.மீ. தகடு வெட்டி வாங்குங்கள், 61 கிராம்தான். கோலம் விழும் ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது) ஏறக்குறைய 1.8 மடங்கு ஏறும்: பெரிய தகட்டில் 150 பக்கம் வரும் வட்டம் இதில் 270 பக்கம் வரும். போல்ட் இறுக்கத்தைப் பொறுத்துச் சற்று நகரும். 2 மி.மீ. தகடு வேண்டாம், எடையும் ஹெர்ட்ஸும் இரட்டிக்கும்.

அடுத்தது போல்ட். அதை நடுவிலுள்ள காகிதத் தொப்பி மேலேயே ஒட்டியிருக்கிறார்கள், சீக்கிரம் அமுங்கிவிடும். தொப்பியை பிளேடால் எடுத்துவிட்டு, காயில் சுற்றிய குழாயின் வாயில் லேசான பிளாஸ்டிக் மூடியை எபாக்ஸியால் ஒட்டி, அதில் போல்ட்டை நிறுத்த வேண்டும். பசை இடுக்கில் வழிந்தால் ஸ்பீக்கர் போச்சு.

பொட்டலத்தில் இருப்பது அரிசி மாவு. நடுவீட்டுக் கோலத்துக்கு அது சரி, இதற்கு ஆகாது. மணல் அதிராத கோடுகளில் ஒதுங்கும். நைசான மாவோ தகட்டை ஒட்டிச் சுழலும் காற்றில் சிக்கி, அதிகம் அதிரும் இடத்திலேயே குவியும். ஃபாரடே 1831-இலேயே இதை விளக்கிவிட்டார். சலித்துக் காயவைத்த மணலோ ரவையோ போடுங்கள். உப்பு ஈரம் இழுத்துக் கட்டிவிடும்.

ரசமட்டம் வைத்துத் தகட்டைச் சமப்படுத்துங்கள். போனில் ஈக்வலைசரை அணைத்து, சைன் ஒலியை (ஒரே சுருதியில் வரும் சுத்தமான ஒலியை) ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். வால்யூம் கால்வாசி போதும். முழு வால்யூமில் விடாமல் ஓட்டினால் காயில் கருகும். வளவில் (செட்டிநாட்டு வீட்டின் திறந்த முற்றத்தில்) காற்று மணலைக் கலைக்கும், பட்டாலையே (கூடமே) மேல். அங்கே 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் வழவழச் சுவர்களில் பட்டு எதிரொலித்துக் காதைக் குத்தும். காதடைப்பான் செட்டில் கிடையாது, மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.