விளம்பரப் பட்ஜெட் யார் கையில்: பெருங்குழுமமா, தனி ஏஜென்சியா, சொந்தக் குழுவா?

2025 நவம்பர் 26 அன்று பல ஏஜென்சிகளை வைத்திருக்கும் விளம்பரக் குழுமமான ஆம்னிகாம், இன்னொரு குழுமமான இன்டர்பப்ளிக்கை வாங்கி முடித்தது. அடுத்த சில நாட்களிலேயே டி.டி.பி., எஃப்.சி.பி., முல்லன்லோ என்ற மூன்று ஏஜென்சிப் பெயர்களும் மறையும் என்றும், சுமார் 4,000 பேருக்கு வேலை போகும் என்றும் அறிவிப்பு வந்தது. டி.டி.பி. 1949-இல் பிறந்தது. எஃப்.சி.பி.யின் வேர் 1873 வரை போகிறது. 1864-இல் தொடங்கிய ஜே. வால்டர் தாம்சன் ஏஜென்சியின் பெயர் டபிள்யூ.பி.பி. குழுமத்துக்குள் இப்படித்தான் படிப்படியாகக் கரைந்தது. இந்தத் தொழிலை மதிக்கும் எவருக்கும் இது மனம் கனக்கும் செய்தி.

ஆனால் பணம் கொடுக்கும் விளம்பரதாரருக்கு இதில் வேறொரு கேள்வி இருக்கிறது. ஏஜென்சியின் பெயரும் ஆட்களும் மாறும்போது நம் கையில் என்ன மிஞ்சும்? மீடியா, அதாவது விளம்பர இடமும் நேரமும், வாங்க இன்று மூன்று வழிகள் உள்ளன: பெருங்குழுமத்தின் மீடியா ஏஜென்சி, எந்தக் குழுமத்தையும் சேராத தனி ஏஜென்சி, நிறுவனத்துக்குள்ளேயே ஒரு குழு. டிஜிட்டல் செலவைப் பொறுத்தவரை என் தேர்வு மூன்றாவது.

பெருங்குழுமத்தின் பலம் தெரிந்ததுதான். பல நாடுகளில் ஆள் இருக்கிறார்கள். மொத்தமாக வாங்குவதால் விலை பேச முடியும். அதன் சிக்கல் வருமானம் வரும் விதத்தில் இருக்கிறது. கமிஷனும் கட்டணமும் சுருங்கிய பிறகு, குழுமங்கள் விளம்பர இடத்தைத் தாங்களே மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, விலை ஏற்றி வாடிக்கையாளருக்கு விற்கத் தொடங்கின. அப்போது ஏஜென்சி உங்கள் சார்பில் வாங்கும் முகவராக இல்லை. உங்களுக்கே விற்கும் வியாபாரியாகிவிடுகிறது. அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏ.என்.ஏ., 2016-இல் ஊடகங்கள் ஏஜென்சிக்குத் தரும் மறைமுகத் தள்ளுபடிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 2024 மே மாதம் இந்தக் கொள்முதல் முறையைப் பற்றியே தனி அறிக்கை போட்டது. ஒப்பந்தம் அனுமதித்தால் இதில் சட்டமீறல் இல்லை. கெடுவது திட்டத்தின் நேர்மை. எந்த இடம் உங்கள் பொருளுக்குப் பொருந்தும் என்பதைவிட, எந்த இடம் கிடங்கில் தேங்கியிருக்கிறது என்பதே திட்டத்தை எழுதத் தொடங்கிவிடும்.

பெருங்குழுமத்தோடுதான் போக வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். இயல்பு நிலையில் ஏஜென்சி முகவர் மட்டுமே. சொந்தச் சரக்கை விற்பதானால் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஊடகங்கள் தரும் அளவுத் தள்ளுபடியும் இலவச ஸ்பாட்டுகளும் உங்கள் பங்குக்கு ஏற்பத் திரும்பி வர வேண்டும். தணிக்கை உரிமையில் குழுமத்தின் எல்லாத் துணை நிறுவனங்களும் அடங்க வேண்டும். பலர் சறுக்குவது இந்தத் தணிக்கை உரிமையில்தான். கையெழுத்து போடுவது ஒரு நிறுவனம், சரக்கை வாங்கி விற்பது அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனம். தணிக்கையாளர் முதல் நிறுவனத்தின் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

தனி ஏஜென்சியில் இந்த நெருக்கடி குறைவு. விற்றுத் தீர்க்கக் கிடங்கு இல்லை. விற்பனைக் கூட்டத்தில் பார்த்த ஆட்களே பெரும்பாலும் வேலையையும் செய்வார்கள். ஆனால் நன்றாக வளர்ந்த தனி ஏஜென்சியை ஒரு குழுமம் விலைக்கு வாங்குவது இந்தத் தொழிலில் வழக்கம். உரிமை கைமாறினால் அபராதமின்றி விலகலாம் என்ற விதியை முதல் நாளே சேர்க்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: அக்கவுண்ட்டுகள் யார் பெயரில் இருக்கின்றன? கட்டணம் இரண்டு சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். அக்கவுண்ட் ஏஜென்சியின் பெயரில் இருந்தால் பிரியும் நாளில் வருடக்கணக்கான கற்றல் அவர்களோடு போய்விடும்.

கூகுள் ஆட்ஸில் சரியான அமைப்பு இது: அக்கவுண்ட்டை உங்கள் நிறுவன மின்னஞ்சலில் நீங்களே திறந்து, அட்மின் உரிமையை வைத்துக்கொண்டு, ஏஜென்சி பல வாடிக்கையாளர்களைக் கையாளும் மேனேஜர் அக்கவுண்ட்டை அதனோடு இணைப்பது. பிரியும்போது இணைப்பைத் துண்டித்தால் போதும். பிரச்சார வரலாறும் கன்வெர்ஷன் (விளம்பரத்தால் நடந்த விற்பனை போன்ற செயல்) பதிவும் ஆடியன்ஸ் பட்டியல்களும் அங்கேயே இருக்கும். பில்லிங்கையும் உங்கள் பேமென்ட்ஸ் புரொஃபைலில் வையுங்கள். அப்போதுதான் கூகுளின் அசல் இன்வாய்ஸ் நேராக உங்களுக்கு வரும்; ஏஜென்சி கட்டணம் தனி இன்வாய்ஸாக நிற்கும்.

மெட்டாவில் தவறு செய்தால் திருத்துவது இன்னும் கடினம். ஏஜென்சியின் பிசினஸ் மேனேஜரில் உருவாக்கிய ஆட் அக்கவுண்ட் அவர்களுடையது. அதைப் பெயர்த்து உங்களிடம் கொண்டுவர முடியாது. பேஜ், ஆட் அக்கவுண்ட், பிக்சல் (தளத்துக்கு வருபவர்களைப் பதிவு செய்யும் நிரல்), கேட்டலாக் (பொருள் பட்டியல்) நான்கையும் உங்கள் பிசினஸ் மேனேஜரில் உருவாக்கி, ஏஜென்சியைப் பார்ட்னராகச் சேர்த்து, வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். பேஜ் நம்முடையதுதானே என்று நிம்மதியாக இருப்பவர்கள், பிக்சல் வேறொருவர் பெயரில் இருப்பதைப் பிரியும் வாரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

இழப்பின் அளவை எண்களில் பாருங்கள். ஏற்கெனவே தளத்துக்கு வந்தவர்களுக்கு மீண்டும் விளம்பரம் காட்ட உதவும் கூகுளின் ரீமார்க்கெட்டிங் பட்டியலில் ஒருவர் 540 நாட்கள் வரை இருக்கலாம். மெட்டாவில் இணையதளம் வழியாகச் சேரும் ஆடியன்ஸுக்கு 180 நாட்கள். புதிய அக்கவுண்ட்டில் இவை பூஜ்ஜியத்தில் தொடங்கும். மெட்டாவில் ஒரு ஆட் செட் (ஒரே இலக்கு கொண்ட விளம்பரத் தொகுப்பு), யாருக்குக் காட்டுவது என்று அமைப்பு பழகும் கற்றல் கட்டத்தைத் தாண்ட ஒரு வாரத்தில் சுமார் 50 கன்வெர்ஷன் தேவை. பத்து ஆட் செட் வைத்திருந்தால் வாரம் 500. விற்பனை அந்த அளவுக்கு இல்லாத நிறுவனம் கற்றல் கட்டத்திலேயே பல வாரம் சுற்றும். அதுவரை ஒரு விற்பனைக்கான செலவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆட் செட்டுகளை இரண்டு மூன்றாகக் குறைத்து, அடிக்கடி மாற்றம் செய்யாமல் விடுவதுதான் அப்போது வழி. எந்த ஏஜென்சியின் விலைப்பட்டியலிலும் இந்தச் செலவு இருக்காது.

திறந்த இணையத்தில் புரோகிராமேட்டிக்காக, அதாவது பல தளங்களின் விளம்பர இடத்தை மென்பொருள் வழியாகத் தானாக, வாங்கும்போதும் இதே கதைதான். பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா 2020-இல் வெளியிட்ட ஆய்வில், செலவில் 51 சதவீதம்தான் பதிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தது. 15 சதவீதம் எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஏ.என்.ஏ.வின் 2023 ஆய்வில் சராசரிப் பிரச்சாரம் 44,000 தளங்களில் ஓடியது. செலவில் 15 சதவீதம் விளம்பரத்துக்காகவே உருவாக்கிய வெற்றுத் தளங்களில் கரைந்தது. இதைப் பிடிக்க ஒவ்வொரு இம்ப்ரெஷனின் (விளம்பரம் ஒருமுறை காட்டப்படுவது) பதிவுத் தரவும் வேண்டும். இப்படி வாங்க உதவும் மென்பொருளான டி.எஸ்.பி.யின் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருந்தால் அதை நேரடியாகக் கேட்டு வாங்கலாம். ஏஜென்சியின் டி.எஸ்.பி. கணக்கில் ஓடினால் அவர்கள் தொகுத்துத் தரும் எக்செல் தாளோடு முடிந்தது. தரவு கையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, விலக்க வேண்டிய தளங்களைத் தேடி அலைவதை விட்டு, ஓட அனுமதிக்கும் தளங்களின் பட்டியலைச் சில நூறுக்குச் சுருக்குவது. வீணாகும் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

சொந்தக் குழுவின் பராமரிப்பு லேசான வேலை இல்லை. சர்ச் (தேடல் விளம்பரம்), சமூக ஊடகம், அளவீடு மூன்றுக்கும் தெரிந்த ஆள் வேண்டும். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு பேராவது கையாளத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் விடுப்பில் போகும் வாரத்தில் பட்ஜெட் கேட்பாரற்று ஓடும். ஆள் வேலையை விட்டுப் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து. யாருடைய சொந்த ஜிமெயிலிலும் அட்மின் உரிமை இருக்கக் கூடாது. பிரச்சாரப் பெயரிடும் முறையும் செய்த மாற்றங்களுக்கான காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: ஒரே பிராண்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சந்தையின் மற்ற பக்கம் மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரை வைத்து அக்கவுண்ட்டுகளைச் சோதிப்பது இதற்கு ஓரளவு ஈடுகட்டும்.

டி.வி., வெளிப்புற விளம்பரம் ஆகியவற்றில் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அங்கே மொத்தக் கொள்முதலின் பேரம் இன்னும் பலிக்கிறது. தனி விளம்பரதாரருக்கு அதே விலை கிடைப்பது அரிது. செலவில் பாதிக்கு மேல் டி.வி.யில் செய்கிறவர்கள் அந்தப் பகுதியை ஏஜென்சியிடம் விட்டுவிட்டு டிஜிட்டலை மட்டும் உள்ளே கொண்டுவரலாம்.

உள்ளே கொண்டுவரும் வரிசையும் முக்கியம். முதலில் டேக் மேனேஜர் (தளத்தில் நிரல்களைப் பதிக்கும் கருவி), அனலிடிக்ஸ் (தள வருகையை அளக்கும் கருவி) இரண்டின் உரிமை; பிறகு சர்ச்; அடுத்து மெட்டா; புரோகிராமேட்டிக் கடைசியில். அக்கவுண்ட் ஏற்கெனவே ஏஜென்சியின் பெயரில் சிக்கியிருந்தால், விலகும் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பிக்சலைத் தளத்தில் கூடுதலாகப் பதித்து 180 நாட்கள் ஓட விடுங்கள். இரண்டு பிக்சலும் ஒரே பக்கத்தில் சேர்ந்து வேலை செய்யும். நோட்டீஸ் கொடுக்கும் நாளில் ஆடியன்ஸ் உங்கள் பக்கம் நிரம்பியிருக்கும்.