மோட்டர் கன்ட்ரோலர் போர்டுக்கு பிசிபி லேஅவுட் உதவி: ரெண்டு மழைக்காலம் ஓட்டினதுக்கு அப்புறம்

ஹாபியா எலக்ட்ரானிக்ஸ் பண்றவங்க சர்க்யூட்டை யோசிச்சு, சோல்டர் பண்ணாம செருகிப் பார்க்கிற பிரெட்போர்டுல ஓட வச்சிடறாங்க, அதை ஒழுங்கான பிசிபியா (காப்பர் கோடு போட்ட, பாகங்களை சோல்டர் பண்ற போர்டு) கொண்டு வர்ற இடத்துலதான் பாதி பேர் நின்னுடறாங்க. லேஅவுட்டுக்கு, அதாவது போர்டுல எந்த பாகம் எங்க, காப்பர் கோடு எப்படின்னு வரையறதுக்கு, ஆள் வச்சா கட்டுபடி ஆகுமா, யார்கிட்ட கொடுக்கிறது, கொடுத்தா என்னென்ன கேட்டு வாங்கணும்னு என்கிட்ட கேட்டவங்க நிறைய. நான் அப்படி காசு கொடுத்து உதவி வாங்கி போட்ட போர்டு கடலூர் முதுநகர்ல எங்க வீட்டு மோட்டர் ரூம்ல ரெண்டு மழைக்காலம் தாண்டி ஓடிட்டு இருக்கு, அதனால இப்ப எழுதினா சரியா இருக்கும். மாட்டின முதல் வாரத்துல எல்லா போர்டும் நல்லாதான் ஓடும், அப்ப எழுதறதுல அர்த்தம் இல்ல.

போர்டு என்னன்னா, மாடி டேங்க்ல தண்ணி லெவலைப் பார்த்து கீழ இருக்கிற 1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டரை போட்டு நிறுத்தும். வைஃபை உள்ள கன்ட்ரோலர் மாட்யூல் ஒரு ஈஎஸ்பி32, டேங்க் சென்சாருக்குப் போற ஆர்எஸ்485 (தூரத்துக்கு டேட்டா அனுப்பற முறை) கேபிள், 230 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கற ஹைலிங்க் மாட்யூல், 3.3 வோல்ட்டுக்கு ஒரு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், ஒரு ரிலே, அவ்ளோதான். ரிலே நேரா மோட்டரை ஓட்டாது, கான்டாக்டர் (மோட்டர் கரன்ட்டைத் தாங்கற பெரிய சுவிட்ச்) காயிலை மட்டும்தான் ஓட்டும், ஏன்னா மோட்டர் கிளம்பும்போது இழுக்கிற கரன்ட் ரன்னிங் கரன்ட்டை விட பல மடங்கு, சின்ன ரிலேயோட கான்டாக்ட் ஒட்டிக்கும். சர்க்யூட்டா பார்த்தா சாதாரணம்தான். ஆனா ஒரே போர்டுல 230 வோல்ட், 3.3 வோல்ட், வைஃபை மூணும் இருக்கு, மாட்டற இடமோ கடல் காத்து அடிக்கிற இடம், அதனால லேஅவுட்டை ஏனோதானோன்னு விட முடியாது.

முதல்ல ஆன்லைன்ல ஒரு ஃப்ரீலான்சர்கிட்ட கொடுத்தேன். ரேட் ரொம்ப கம்மி, சொன்ன நாள்ல அனுப்பிட்டார், அந்த வகையில குறை சொல்ல மாட்டேன். ஆனா வந்தது ஜெர்பர் ஃபைல் (போர்டு தயாரிக்கறதுக்கு அனுப்பற ஃபைல்) மட்டும்தான், டிசைன் ஃபைல் கேட்டா தனி காசு. ஜெர்பரை வியூவர்ல திறந்து பார்த்தா சாஃப்ட்வேரே தானா கோடு இழுக்கிற ஆட்டோ ரவுட்டர் ஓட்டி விட்டிருக்கிறது அப்பட்டமா தெரியுது, ரிலேயோட 230 வோல்ட் ட்ராக்குக்கும் பக்கத்துல போற 3.3 வோல்ட் ட்ராக்குக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் கூட இடைவெளி இல்ல, ஈஎஸ்பி32 ஆன்டெனாவுக்கு அடியில முழுசா காப்பர். கேட்டதுக்கு டிஆர்சி பாஸ் ஆயிடுச்சு சார்னு பதில். டிஆர்சிங்கிறது சாஃப்ட்வேர் பண்ற ரூல் செக், நாம என்ன ரூல் கொடுத்தோமோ அதை மட்டும்தான் பார்க்கும், எது மெயின்ஸ் (230 வோல்ட்) எது லோ வோல்டேஜ்னு நாம சொல்லலைன்னா அதுக்கு எப்படி தெரியும்? அந்த ஃபைலை போர்டு தயாரிக்கிற ஃபேப்புக்கே அனுப்பலை.

அப்புறம் ஒரு பெரிய ஊர் டிசைன் சர்வீஸ்ல கொட்டேஷன் வாங்கினேன், வீட்டு ப்ராஜெக்ட்டுக்கு நினைச்சுக்கூட பார்க்க முடியாத தொகை. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, கம்பெனிகளுக்கு நாலு லேயர் ஆறு லேயர் போர்டு பண்றவங்க, நம்ம மாதிரி ஒத்தை போர்டுக்காரங்களுக்கானது இல்ல. காலேஜ் பசங்க கிட்டயும் கொடுக்கலாம், சென்சார் போர்டு எல்இடி போர்டு மாதிரி லோ வோல்டேஜ் வேலைக்கு தாராளமா கொடுக்கலாம், ஆர்வமா பண்றாங்க. 230 வோல்ட் இருக்கிற போர்டை அவங்க தலையில கட்டறது எனக்கு சரியாப் படலை.

கடைசியில அமைஞ்சது பாண்டிச்சேரி பக்கம் அரியாங்குப்பத்துல ஒரு அண்ணன். ஒரு கம்பெனியில லேஅவுட் வேலை பார்க்கிறார், ஞாயித்துக்கிழமை மட்டும் வெளி வேலை எடுக்கிறார். ஸ்பேர் வாங்கற கடைக்காரர்தான் சொல்லி விட்டார். இங்கிருந்து முள்ளோடை தாண்டி தவளக்குப்பம் வழியா பஸ்ல போயிடலாம், அதனால நேர்ல உக்காந்து பேச முடிஞ்சது, இதுக்கு இருக்கிற மதிப்பு வேற எதுக்கும் இல்லன்னுதான் நான் சொல்வேன். "முழு லேஅவுட்டையும் நான் போட்டா உனக்கு செலவு தம்பி, கைகேட்ல நீ போடு, நான் ரிவ்யூ பண்றேன், கஷ்டமான இடத்தை மட்டும் நான் ரவுட் பண்ணித் தர்றேன்"னார். கைகேட்ங்கிறது லேஅவுட் போடற சாஃப்ட்வேர், இலவசம், ஓப்பன் சோர்ஸ், 1992ல ஆரம்பிச்சது இன்னைக்கு வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கு, ஹாபிக்காரனுக்கு அதுக்கு மேல எதுவும் தேவையில்ல. ஈகிள்ங்கிற இன்னொரு லேஅவுட் சாஃப்ட்வேர்ல பழகினவங்க யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா கைகேட்டுக்கு மாறிடுங்க, ஈகிளை 2026 ஜூனோட நிறுத்தறதா அதோட கம்பெனி ஆட்டோடெஸ்கே அறிவிச்சுட்டாங்க.

காசு விஷயம் சொல்லிடறேன். முழு லேஅவுட்டுக்கு அவர் கேட்டது அஞ்சாயிரத்துக்கு மேல, ரிவ்யூ முறையில எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அடுத்தடுத்த திருத்தத்துக்கு ஒரு சின்ன தொகை. வேலை முடிஞ்சதும் கைகேட் ப்ராஜெக்ட் ஃபோல்டர் மொத்தமா என் கையில, அவர் தனியா போட்ட புட்பிரிண்ட் (பாகத்தோட கால் போர்டுல உக்கார்ற இடத்தோட வரைபடம்) லைப்ரரி உட்பட.

அவர் மேல எனக்கு நம்பிக்கை வந்தது அவர் போட்ட ட்ராக்கைப் பார்த்து இல்ல, கேட்ட கேள்வியைப் பார்த்து. சர்க்யூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே "பெட்டி எது வச்சிருக்க? கேபிள் மேல இருந்து வருதா கீழ இருந்தா? கான்டாக்டர் எவ்ளோ தூரத்துல இருக்கு? எர்த் ஒழுங்கா இருக்கா?"ன்னு வரிசையா கேட்டார். பெட்டி அளவு தெரியாம போர்டு அளவு முடிவு பண்ண முடியாது, கேபிள் வர்ற பக்கம் தெரியாம டெர்மினலை வைக்க முடியாது, டெர்மினல் எங்கன்னு தெரியாம வேற எதையுமே வைக்க முடியாது. லேஅவுட்டுக்கு ஆள் பார்க்கிறவங்க இதையே அளவுகோலா வச்சுக்கலாம், சர்க்யூட் பிடிஎஃப் வாங்கிட்டு ஒரு கேள்வியும் கேட்காம ரேட் சொல்றவர்கிட்ட மெயின்ஸ் போர்டைக் கொடுக்காதீங்க.

அவர் பண்ணதுல முக்கியமானதை மட்டும் சொல்றேன். போர்டை ரெண்டா பிரிச்சார், ஒரு பக்கம் முழுக்க 230, இன்னொரு பக்கம் லோ வோல்டேஜ், நடுவுல குறைஞ்சது 6 மில்லி, இடம் கிடைச்ச எடத்துல 8 மில்லி, ரிலேக்கு அடியில காயில் பின்னுக்கும் கான்டாக்ட் பின்னுக்கும் நடுவுல போர்டையே வெட்டி ஒரு ஸ்லாட். ஸ்லாட் எதுக்குன்னா, உப்புக் காத்து ஊர்ல போர்டு மேல தூசியும் ஈரமும் சேர்ந்து ஒரு படலமா படியும், அந்தப் படலம் வழியா கரன்ட் ஊர்ந்து போறதுக்கு வழி இருக்கக் கூடாது. ஈஎஸ்பி32 மாட்யூலை போர்டு ஓரத்துக்குக் கொண்டு வந்து ஆன்டெனா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வச்சார், ஆன்டெனாவை சுத்தி 15 மில்லிக்கு காப்பரோ ஸ்க்ரூவோ எதுவும் வரக்கூடாதுன்னு அதைத் தயாரிக்கிற எஸ்ப்ரெசிஃப்காரங்க டாக்குமென்ட்லயே இருக்கு. ஏஎம்எஸ்1117ல அந்த அகலமான தகடு இருக்கு பாருங்க, அதை நிறைய பேர் கிரவுண்டுன்னு நினைச்சு கிரவுண்டு காப்பரோட சேர்த்துடறாங்க, உண்மையில அது அவுட்புட், அதனால அதுக்கு தனியா 3.3 வோல்ட் காப்பர் ரெண்டு பக்கமும் விட்டு வயா (ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற சின்ன ஓட்டை) போட்டு கோர்த்தார். அக்னி நட்சத்திரத்துல மூடின பெட்டிக்குள்ள தொட்டுப் பார்த்தேன், சூடா இருக்கு, ஆனா விரலை வச்சுட்டு இருக்க முடியுது. ஒவ்வொரு ஐசியோட சப்ளை பின்னுக்கும் ஒட்டினாப்ல 100 நானோ கெப்பாசிட்டர், ரிலேயோட கிரவுண்டு கரன்ட் ஈஎஸ்பி32 பக்கம் போகாம நேரா சப்ளைக்குத் திரும்பற மாதிரி ட்ராக்.

ஃபேப்புக்கு அனுப்பறதுக்கு முந்தி அவர் பண்ற ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. லேஅவுட்டை அச்சு அசலா அதே அளவுல ஏ4 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து, ஒரு தெர்மாக்கோல் துண்டு மேல ஒட்டி, நான் வாங்கி வந்த ரிலே, டெர்மினல், ஹைலிங்க் மாட்யூல் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பேப்பர் மேல குத்தி நிறுத்தினார். ரிலே காலு அஞ்சும் பேட் (கால் சோல்டர் ஆகற இடம்) நடுவுல சரியா இறங்குச்சு, ஒரு டெர்மினல் மட்டும் கடைசி கால் பேட்டை விட்டு வெளிய குத்துச்சு. கடையில கொடுத்தது 5 மில்லி பிட்ச் (காலுக்குக் கால் இடைவெளி), புட்பிரிண்ட் 5.08. ரெண்டு கால்ல தெரியாத வித்தியாசம் எட்டு கால் வரிசையில அரை மில்லிக்கு மேல போயிடுது. ஃபேப்ல இருந்து போர்டு வந்ததுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா மொத்த போர்டும் வேஸ்ட். வீடியோவுல பாடம் எடுக்கிற யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்ல, தெர்மாக்கோலுக்கு ஆன செலவு ஒண்ணுமில்ல.

ஃபேப் பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல. சைனா கம்பெனிகள்ல 100க்கு 100 மில்லி ரெண்டு லேயர் அஞ்சு பீஸ் 2 டாலர்னு போட்டிருப்பாங்க, கொரியரும் கஸ்டம்ஸ் டியூட்டியும் சேர்ந்தா அது வேற கணக்கு ஆயிடும். நான் இந்தியாவுலயே கொடுத்தேன், 1.6 மில்லி எஃப்ஆர்4 (கண்ணாடி நார்) போர்டு, 35 மைக்ரான் காப்பர், பில் ஜிஎஸ்டியோட வந்துது, இழுபறி இல்ல.

2024 கோடையில மாட்டினது. அந்த வருஷம் நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், பாண்டியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, அடுத்து சாத்தனூர் அணையில தண்ணி திறந்து தென்பெண்ணை கரையில கடலூர் பக்கம் வெள்ளம். கரன்ட் போய் வந்து போய் வந்து, வோல்டேஜ் ஏறி இறங்கி, மோட்டர் ரூம் சுவரெல்லாம் ஊறிப்போய் கிடந்தது. போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. பெட்டியைத் திறந்தப்போ டெர்மினல் ஸ்க்ரூல மட்டும் பச்சை பூத்திருந்தது, துடைச்சு இறுக்கினேன். இதுக்கு லேஅவுட் மட்டும் காரணம்னு சொல்லிட மாட்டேன், சோல்டர் பண்ணி முடிச்சதும் ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) போட்டு பிரஷ்ல சோல்டர் விட்டுட்டுப் போற ஃப்ளக்ஸை சுத்தமா கழுவிட்டு, டெர்மினலுக்கும் ஈஎஸ்பி32 புரோகிராமிங் பின்னுக்கும் டேப் ஒட்டி மறைச்சுட்டு அக்ரிலிக் கோட்டிங் ஸ்ப்ரே அடிச்சோம். கழுவாம கோட்டிங் அடிக்காதீங்க, ஃப்ளக்ஸும் ஈரமும் உள்ளயே மாட்டிக்கும்.

ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல ஒரு தொந்தரவு வந்தது. மோட்டர் நிக்கும்போது சில சமயம் ஈஎஸ்பி32 ரீசெட் ஆகும். கான்டாக்டர் காயிலை கட் பண்ற நேரத்துல வர்ற ஸ்பைக். போன் பண்ணி சொன்னதும் "ரிலே பக்கத்துல ஆர்சின்னு பேர் போட்டு ரெண்டு காலி இடம் இருக்கு பாரு தம்பி, அதுல 100 ஓம்ஸும் 0.1 மைக்ரோ எக்ஸ்2 கெப்பாசிட்டரும் போடு"ன்னார். ஸ்பைக்கை அடக்கற ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி அது. போட்டேன், அதோட சரி. தேவைப்படலாம்னு முன்கூட்டியே இடம் விட்டு வச்சிருக்கார் பாருங்க, அனுபவம் உள்ளவருக்குக் கொடுக்கிற காசு இதுக்குத்தான். 230 வோல்ட்டுக்கு குறுக்க போடற கெப்பாசிட்டர் மெயின்ஸுக்குன்னே செய்யற எக்ஸ்2 வகையாதான் இருக்கணும், சாதாரண செராமிக் டிஸ்க்கை வைச்சுடாதீங்க.

குறைன்னு பார்த்தா, நேரம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கிடைப்பார், கம்பெனியில வேலை அதிகம்னா அதுவும் தள்ளிப் போகும், அவசரத்துக்கு ஆக மாட்டார். ஆர்எஃப் போர்டு, ஹைஸ்பீடு போர்டு எல்லாம் எடுக்க மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டார், தெரிஞ்சதை மட்டும் பண்றவர்ங்கிறதுனால எனக்கு அது குறையா தெரியலை, ஆனா உங்க தேவை அதுன்னா வேற ஆள் பார்க்கணும். இன்னொண்ணு கைகேட் வெர்ஷன். புது வெர்ஷன்ல சேவ் பண்ண ஃபைல் பழைய வெர்ஷன்ல திறக்காது, அவர் மாறினா நானும் மாறணும், ரெண்டு பேரும் எந்த வெர்ஷன்னு முதல்லயே பேசி வச்சுக்கிறது நல்லது.

இப்ப மாடி டேங்க் மேல வர்ற சென்சார் போர்டை அவர்கிட்ட ரிவ்யூவுக்கு கொடுத்திருக்கேன். ஆர்எஸ்485 லைன்ல ஸ்பைக்கைத் தடுக்கற டிவிஎஸ் டயோடு போடறதுல ரெண்டு பேருக்கும் கருத்து ஒண்ணுதான், அதோட எர்த்தை கேபிள் ஷீல்டு வழியா கீழ மோட்டர் ரூம் எர்த்துக்குக் கொண்டு வரலாம்னு நான் சொல்றேன், இடி இறங்கற ஊர்ல அவ்ளோ நீள கம்பியை நம்பாத, மாடியில இருந்து தனியா எர்த் பட்டை இறக்குங்கிறார் அவர். வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து மாடியைப் பார்த்துட்டு சொல்றேன்னு இருக்கார்.