புது மீன்தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

யாழ்ப்பாணத்தில் கப்பி, மொலி மீன்கள் வளர்ப்பதென்றால் என் தெரிவு கிணற்றுத் தண்ணீர்தான். நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் எங்கள் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். இந்த இரண்டு மீனுக்கும் அது நன்றாக ஒத்துப்போகும். நியோன் டெட்ரா மென்னீர் மீன், அதாவது சுண்ணாம்பு குறைந்த தண்ணீர்தான் அதற்கு ஒத்துவரும். ஆசைப்பட்டு முதலிலேயே அதை வாங்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும். அது செவுளைப் பாதிப்பதோடு, பில்டரில் வளரவேண்டிய நல்ல பக்டீரியாவையும் கொல்லும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, காற்றுக் குழாயும் போட்டுவிட்டால் சரி.

கிணற்றிலும் குறை உண்டு. வெங்காயம், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கலாம். அப்படியான இடமென்றால் நான் குழாய்த் தண்ணீரையே எடுப்பேன். அப்புறம், எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போலக் காரத்தன்மை கூடிய தண்ணீரில், மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. அமோனியாவை மாற்றும் பக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரம் எடுக்கும். அதுவரை கிணற்றுத் தண்ணீர் ஊற்றியவர்கள் தீனி போடும்போது கையை இறுக்க வேண்டும்: 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, அதற்கு மேல் ஒரு துகளும் வேண்டாம். தொடக்கத்தில் இரண்டு மூன்று மீன் போதும்.

எந்தத் தண்ணீரானாலும் வாரம் ஒருமுறை கால்வாசியை மாற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் அலசுங்கள்.